மீட்பு டப்பாவில் கை வைத்தவர்

அவர் கைக்குப் போன எந்தப் பொருளும் போனபடியே திரும்பி வந்ததில்லை. மழைக்கு என் குடையை வாங்கிக்கொண்டு போனார் என்றால், மறுநாள் அதன் பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். "வழுக்குச்சும்மா, அதான் கொஞ்சூண்டு சுத்திவிட்டேன்" என்பார். எனக்கு அது ஒருநாளும் வழுக்கியதில்லை. அவர் சுற்றிவிட்ட பிறகுதான் வெயிலில் பசை இளகிக் கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. அவசரம் என்று ஒருமுறை என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனவர், பிரேக்கை இறுக்கி, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்று சாயங்காலம் தாலுகா ஆபீஸ் திருப்பத்தில் நான் குப்புற விழப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நம் குழம்பை ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு, புளி தூக்கல் என்று சொல்லிக்கொண்டே தன் மோரை அதில் ஊற்றிவிடுவார். கேட்டுவிட்டு ஊற்றும் பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

அறந்தாங்கியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த பேனர் கடை அது. முதலாளி துபாயில் இருந்தார். அதனால் தலைமை டிசைனரான இவர்தான் எங்களுக்கு எல்லாம். "அண்ணே" என்று கூப்பிடுவோம். பேரை எழுத மாட்டேன். எழுதினால் எழுத்துரு சரியில்லை என்று அதையும் திருத்தக் கிளம்பி வந்துவிடுவார்.

கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். கெட்டவராக இருந்திருந்தால் ஒரே மாதத்தில் மறந்துபோயிருப்பேன். இவர் அப்படியில்லை. சம்பளத்தைப் பிடித்து வைக்க மாட்டார், பெண்பிள்ளைகளிடம் ஒரு சொல் தப்பாகப் பேச மாட்டார், பஸ் இல்லையென்றால் தன் மனைவியை வரச்சொல்லித் துணைக்கு அனுப்பி வைப்பார். எல்லாவற்றையும் நல்லதுக்காகவே செய்தார். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கீரமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் தங்கை மகனின் காதுகுத்துக்குப் பேனர் அடிக்க வந்தார். தாய்மாமன் அவர்தான். நடுவில் அவர் படம் ஆளுயரத்துக்கு வர வேண்டும். இடது கன்னத்தில் காதிலிருந்து வாய்வரை ஒரு தழும்பு. மாடு குத்தியதாம். நம் அண்ணன் உட்கார்ந்து, அந்தத் தழும்பை ஒரு பொட்டு மிச்சம் இல்லாமல் அழித்துக் கன்னத்தை மாம்பழமாக ஆக்கிவிட்டார். பேனரைப் பார்த்த மனுஷர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யோவ், யார்யா இது?"

"நீங்கதாண்ணே. மொகத்துல கொஞ்சூண்டு தொட்டேன். எடுப்பா இருக்குல்ல?"

"அந்தத் தழும்புக்காகத்தாய்யா என்னைய ஊர்ல நாலு பேரு மதிக்கிறான். அத வழிச்சு எடுத்துட்டு என்னைய மாப்பிள்ளையாக்கி வச்சிருக்கியே."

மறுபடி அடித்துக் கொடுத்தோம். அண்ணன் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அந்த ஆள் போனதும் என்னிடம் திரும்பி, "அழகு எதுன்னு நம்ம சனங்களுக்குத் தெரியமாட்டேங்குதும்மா" என்றார். அதே வாரம் ஒரு சடங்கு பேனரில் வயசுக்கு வந்த பிள்ளையை அவர் இஷ்டத்துக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். அம்மாக்காரிக்கு வாயெல்லாம் பல். அந்தப் பிள்ளை பேனரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எம்படத்த எப்பப் போடுவீங்க?" என்று என்னிடம் கேட்டது. அண்ணன் சிரித்தார்.

அவர் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் வாய் அழுகிவிடும். அவர் வருவதற்கு முன் எங்கள் கடையில் ஆளுக்கொரு சிவப்பு, ஆளுக்கொரு மஞ்சள். கண்ணுக்குத் தோன்றியதைக் கலந்து போடுவோம். அறந்தாங்கியில் அடித்த கட்சி பேனரும் மணமேல்குடிக் கிளையில் அடித்த அதே கட்சி பேனரும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தால் ரெண்டு கட்சி மாதிரி தெரியும். அடிதடிவரை போயிருக்கிறது. இவர் வந்து, டிசைன் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஐந்தாறு நிறங்களைச் சேர்த்து ஒரு பேலட் செய்தார். கல்யாணத்துக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, கோயில் கொடைக்கு ஒன்று, கண்ணீர் அஞ்சலிக்கு ஒன்று. செய்து, 'பப்ளிஷ்' என்ற பட்டனை அழுத்தினால் அது எல்லாக் கிளைகளின் கம்ப்யூட்டருக்கும் போய்விடும். நாங்கள் அதை டப்பா என்போம். "அஞ்சலி டப்பாவ எடு", "கல்யாண டப்பாவுல போடு" என்று கடை முழுக்க அதே பேச்சாகிப் போனது. வேலை பாதியாகக் குறைந்தது. சண்டையும் நின்றது.

ஆனால் டப்பாவில் ஒரு வில்லங்கம் உண்டு. அதில் உள்ள ஒரு நிறத்தை யாராவது மாற்றிப் பப்ளிஷ் செய்தால், அந்த டப்பாவை வைத்துச் செய்த பழைய ஃபைல்கள் எல்லாவற்றிலும் அந்த நிறம் மாறும். ஃபைலைத் திறக்கும்போது, 'புதிய நிறங்கள் வந்துள்ளன, ஏற்கவா?' என்று ஒரு சின்னக் கட்டம் வந்து கேட்கும். யார் அதையெல்லாம் படிக்கிறார்கள். எல்லாரும் ஓகே அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதனால் புது நிறம் வேண்டுமென்றால் புதுசாக ஒரு டப்பா செய்ய வேண்டும், பழையதில் கை வைக்கக் கூடாது. இந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அதைக் காப்பாற்றாதவரும் அவர் ஒருத்தர்தான். யாரோ செய்த டப்பாவைத் திறப்பார், உற்றுப் பார்ப்பார், "இந்தப் பச்ச கொஞ்சம் தூங்குது" என்பார், தட்டி எழுப்பிவிட்டுப் பப்ளிஷ் கொடுத்துவிடுவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் நம் கல்யாணப் பேனர் எல்லாம் வேறு முகத்தில் நிற்கும்.

நான் ஒரே ஒரு டப்பாதான் செய்தேன். அதற்கு 'மீட்பு' என்று பேர் வைத்தேன்.

என் ஊர் ஜெகதாப்பட்டினம். எங்கள் ஊரில் மீன்பிடிப் போட்டு கடலுக்குப் போனால் கரைக்கு வந்து சேரும்வரை வீட்டுப் பொம்பளைகளுக்கு உசுரு கையில்தான். கடல் எல்லை தாண்டி வந்ததாகச் சொல்லி அக்கரை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிடித்தால், உடனே துறைமுகத்தில் போராட்டம் என்று உட்காருவோம். பிடிபட்டவர்களின் படத்தைப் போட்டு, 'எங்கள் பிள்ளைகளை மீட்டுத் தாருங்கள்' என்று பேனர் கட்டுவோம். முன்பெல்லாம் அவசரத்தில் அந்தப் பேனரைக் கடைக்காரர்கள் கைக்குக் கிடைத்த அஞ்சலி டிசைனிலேயே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். கறுப்புப் பின்னணி, படத்தைச் சுற்றிச் சாம்பல் வட்டம். எழுத்துதான் வேறு. எங்கள் ஊரில் எழுத்தைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? தூரத்திலிருந்து கலரைப் பார்த்தாலே செத்தவன் யாரென்று கேட்பார்கள். சின்ன வயசிலிருந்து இதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அதனால்தான் அந்த டப்பாவில் நல்ல மஞ்சள், குருத்துப் பச்சை, செம்பருத்திச் சிவப்பு என்று போட்டேன். உயிரோடு இருக்கிறவன் உயிரோடு இருக்கிறவனாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அண்ணனிடம் காட்டி, "எதுல வேண்ணாலும் கை வைங்கண்ணே, இதுல மட்டும் வைக்காதீங்க" என்றேன். "எவன் வைக்கப்போறான்" என்று சொல்லிவிட்டு, பேசிக்கொண்டே என் மேஜையில் இருந்த பேனாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் என் கூடப்பிறந்த அண்ணனையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு போட்டில் போன நாலு பேரையும். சேதி வந்தபோது நான் கடையில் இருந்தேன். ஆத்தா போனில் அழுதது, என்ன சொல்கிறதென்றே புரியவில்லை. பின்னால் மதினிதான் போனை வாங்கிப் பேசியது. "புள்ள, நாளைக்குக் காலையில ஒக்காரப் போறாக. பெரிய ஆபீசர் வாராராம். நீ பேனர் போட்டுக் கொண்டாந்துரு. ஒங்கண்ணன் படத்த நல்லதா போடு. கல்யாணத்தன்னைக்கு எடுத்தது இருக்குல்ல, அதப் போடு."

கல்யாணப் படத்திலிருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். நெற்றியில் சந்தனம் அப்படியே இருந்தது. மற்ற மூன்று பேர் படமும் வாட்ஸப்பில் வந்தது. என் டப்பாவிலிருந்து மஞ்சள் எடுத்து நாலு முகத்தையும் சுற்றி வட்டம் போட்டேன், பின்னணிக்குப் பச்சை, எழுத்துக்குச் சிவப்பு. ஃபைலை மணமேல்குடிக் கிளைக்கு அனுப்பினேன். அங்கே காலையில் அச்சடித்து வேனில் கொண்டுவந்துவிடுவார்கள். ஜெகதாப்பட்டினத்துக்குக் கடைசி பஸ் போவதற்குள் கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான் கிளம்பிய பிறகு கடை அண்ணன் என் கம்ப்யூட்டருக்கு வந்திருக்கிறார். பேனரைப் பார்த்திருக்கிறார்.

காலையில் துறைமுகத்தில் சாமியானா போட்டுப் பொம்பளைகள் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆத்தாவுக்கு உட்காரக் கூடத் தெம்பில்லை, ஐஸ் கம்பெனிச் சுவரில் சாய்ந்திருந்தது. வேன் வந்தது. ரெண்டு பேர் சுருளை இறக்கி, ரெண்டு பக்கமும் கயிற்றைக் கட்டி மேலே தூக்கினார்கள்.

கறுப்பு. முழுக்கக் கறுப்பு. என் மஞ்சள் வட்டமெல்லாம் சாம்பலாகியிருந்தது. சிவப்பு எழுத்து கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அதற்குள் என் அண்ணன் சந்தனப் பொட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

முன்னால் இருந்த எங்களுக்கு என்னவென்று உறைப்பதற்குள் பின்னாலிருந்து ஓலம் கிளம்பிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் எழுத்தைப் பார்க்கவில்லை. அக்கரையிலிருந்து சாவுச் சேதி வந்துவிட்டது, பேனரே அடித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டதும் பத்துப் பேர் அடித்துக்கொண்டார்கள். ஒரு கிழவி எங்கிருந்தோ வந்து மதினியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏ ஆத்தா, ஒன்னைய இப்புடி நிக்கவச்சிட்டானே" என்று ஒப்பாரி வைக்க ஆரம்பித்தது. மதினி ஒரு கையால் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கிழவியைத் தள்ளிக்கொண்டே சொன்னது, "ஏ கெழவி, விடு. அவரு இருக்காரு. உசுரோட இருக்காரு." யாரும் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னது. அதன் குரல் போகப் போகச் சந்தேகமாகிக்கொண்டே வந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஆத்தா சுவரோரம் சரிந்து கிடந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பினோம்.

நான் கடை அண்ணனுக்குப் போன் அடித்தேன். வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"பேனர் பாத்தியாம்மா? கலர் கொஞ்சூண்டு மாத்தினேன். சோகமான விசயத்துக்குப் போயி மஞ்ச போட்டிருக்கியே. அஞ்சலி டப்பாவுலேர்ந்து எடுத்து இதுல போட்டுப் பப்ளிஷ் குடுத்திட்டேன். இப்பப் பாரு, பாத்தவொடனே நெஞ்சுல அடிக்கும்."

"அடிச்சுச்சுண்ணே. எங்காத்தா கீழ கெடக்கு."

"அய்யய்யோ. சோடா வாங்கிக் குடும்மா. உப்புப் போட்ட சோடா, எலுமிச்ச புழியாத" என்றார்.

போனை வைத்துவிட்டேன். மணமேல்குடியில் மெஷின் ஓட்டுகிறவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. கட்டம் வந்தது, ஓகே அடித்தார், சுருட்டி அனுப்பிவிட்டார். நானும் ஆயிரம் தடவை அப்படி அடித்தவள்தான். பேனரை இறக்கி, திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியக் கட்டினோம். போட்டுக்கு அடிக்கிற பெயின்டால் யாரோ அதில் 'மீட்டுத் தாருங்கள்' என்று எழுதினார்கள். ஆபீசர் வருவதற்குள் எழுத்து வழிந்துவிட்டது.

ஆனால் அதற்குள் எவனோ போனில் வீடியோ எடுத்துவிட்டான். கறுப்பு பேனர், அதன் முன்னால் மாரடித்து அழுகிற பொம்பளைகள், சரிந்து கிடக்கிற என் ஆத்தா. சாயங்காலத்துக்குள் அது எல்லார் போனுக்கும் போய்விட்டது. டிவியில் கூட வந்தது. அதற்குப் பிறகு மேலே இருக்கிறவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள், பேசினார்கள். கொஞ்ச மாதத்தில் நாலு பேரையும் விட்டார்கள். போட்டைக் கொடுக்கவில்லை.

அதுவரை கடைப்பக்கமே போகாமல் இருந்துவிட்டு, விடுதலைச் சேதி வந்த பிறகு வேலையை விடப்போகிறேன் என்று சொல்லத்தான் கடைக்குப் போனேன். அண்ணன் எழுந்து நின்று, ஆத்தா எப்படி இருக்கிறது என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார், கண் கலங்கியிருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் அழுதுவிட்டு உட்கார்ந்து வேலை பார்த்திருப்பேன். நிறுத்தத் தெரிந்தால் அவர் ஏன் அவராக இருக்கிறார்.

"ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரும்மா. ஒம் மஞ்சக் கலர்ல இருந்திருந்தா அந்த வீடியோவ எவன் பாத்திருப்பான்? ஒங்கண்ணன் இன்னும் உள்ளதான் கெடந்திருப்பாரு."

அவர் சொன்னதும் நிஜம்தான். என் வயிற்றெரிச்சலே அதுதான். அவர் பொய் சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். "எங்காத்தா அழுவுறதக் காட்டித்தான் மீக்கணுமாண்ணே?" என்று மட்டும் கேட்டேன். அவர் என் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கோணலாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும்தான் அவர் ஒன்றையும் சரி செய்யாமல் விட்டார்.

என் அண்ணன் விடுதலையாகி வந்தபோது இவர் பழக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாராம். நான் அப்போது ஊரில் இல்லை. மதினிதான் சொன்னது. அண்ணனிடம் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார். அண்ணன் தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னைய அப்பயே தூக்கிப்போட்டுட்டீங்க போல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டானாம். இவர் அதற்குச் சிரித்தாராம். போகும்போது எங்கள் வீட்டு வாசல் கேட்டின் கொண்டியைத் தட்டி நிமிர்த்திவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பிறகு நான் மணமேல்குடியில் ரெண்டு கம்ப்யூட்டர் போட்டுச் சொந்தமாகக் கடை வைத்தேன். அவர் திருச்சிக்குப் போய்விட்டார். இப்போது பெரிய ஆபீஸ், புதுசாக வருகிறவர்களுக்கு டிசைன் வகுப்பெல்லாம் எடுக்கிறாராம். போனவர், தன் டப்பாக்களை எல்லாம் இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டார். காசு கேட்கவில்லை. அதில் 'மீட்பு' டப்பாவும் இருக்கிறது. நான் வைத்த பேர், அவர் போட்ட கறுப்பு. கீழே செய்தவர் பேர் என்று அவர் பேர். ஒரு டப்பா கடைக்குள் இருக்கும்வரை அதைத் திருப்பி மாற்றிவிடலாம். வெளியே போய் ஊரெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு எவன் வீட்டில் போய் மாற்றுவது? கோட்டைப்பட்டினத்திலிருந்து அந்தப் பக்கம் எத்தனை கரை இருக்கிறதோ அத்தனையிலும் இப்போது அந்த டப்பாதான். எங்கே ஒரு போட்டு பிடிபட்டாலும் அந்தக் கறுப்பும் சாம்பலும்தான் ஏறுகிறது. ஆரம்பத்தில் பார்க்கும் போதெல்லாம் எனக்குத் திக்கென்றிருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கிற பொம்பளைகளைப் பார்ப்பேன். யாரும் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. பழகிப்போயிருந்தது.

போன மாதம் என் அண்ணனை மறுபடியும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தத் தடவை வேறொருவர் போட்டில் கூலிக்குப் போயிருந்தான். மதினி நேராக என் கடைக்கு வந்து, என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. அழவில்லை. நான் ஒன்றும் கேட்காமல் என் பழைய மஞ்சளை, பச்சையை, சிவப்பை எடுத்து வைத்துச் செய்து முடித்து, திரையை அதன் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

மதினி ரொம்ப நேரம் பார்த்தது.

"என்ன புள்ள இது, காதுகுத்துக்கு அடிச்ச மாரி இருக்கு."

"அண்ணன் நல்லாருக்குன்னு தெரியணும்ல மதினி."

"நல்லாருந்தா எதுக்கு மீக்கச் சொல்றீகன்னு கேப்பான். எல்லாரும் கறுப்புல போடுறாக. இது மட்டும் இப்புடி இருந்தா எவன் நின்னு பாக்குறான்? போன தடவ போட்டோம்ல, அதயே போடு."

மதினி என் கையைப் பிடித்து மவுஸ் மேல் வைத்தது. இன்டர்நெட்டில் தேடி, 'மீட்பு' டப்பாவை இறக்கினேன். ஏற்கவா என்று கட்டம் வந்தது. ஓகே அடித்தேன். அண்ணன் முகத்தைச் சுற்றி இருந்த மஞ்சள் சாம்பலாக மாறியது, பின்னால் கறுப்பு வந்து நிறைந்தது. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரைக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தது.

"ஆங். இப்பத்தான் புடிபட்டவுக மாரி இருக்காக" என்றது.

அச்சுக்குக் கொடுத்துவிட்டு மதினியைப் பஸ் ஏற்றிவிட்டேன்.